பெத்தாவுக்கு வாசித்த கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. இது வகுப்பும் இல்லை, சங்கமும் இல்லை, காசும் வாங்குவதில்லை. ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் தொடங்கினால் போதும், தாய்மாரும் இளம் ஆசிரியர்களும் வெளிநாட்டில் இருக்கிற உறவுகளும் கேள்விகளோடு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான் என்பதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

சின்ன வயதில் உங்களுக்கு யார் கதை வாசித்துக் காட்டினார்கள்?

ஒருவரும் இல்லை. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வளர்ந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் வயலில் இருந்து வந்தால் அலுப்பில் படுத்துவிடுவார்கள். எனக்குப் பெத்தாதான் துணை. எங்கள் பக்கத்தில் பாட்டியைப் பெத்தா என்போம். பெத்தாவுக்கு எழுத்துத் தெரியாது, கைநாட்டு. பட்டணத்தில் வேலை செய்த மாமா, அறுபதுகளில் வந்த அம்புலிமாமா இதழ்களை வருடவாரியாகக் கட்டி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். சாப்பிட்டு, சட்டி பானை கழுவி வைத்த பிறகு பெத்தா குப்பி விளக்கைக் கிட்ட இழுத்து வைத்து, "வாசி மனே" என்பார்.

நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். ஒரு பந்தி முடிந்ததும் கையைக் காட்டி நிறுத்துவார். அந்தப் பந்தியைத் தன் வாயால் ஒருதரம் சொல்லிப் பார்ப்பார். புத்தகத்தில் அரசன் "வேட்டையாடக் கானகம் சென்றான்" என்று இருக்கும். பெத்தாவின் அரசன் எங்கள் பக்கத்துத் தொப்பிகலை மலைக்கு மான் பார்க்கப் போய், தண்ணீர் விடாய்த்து, மாட்டுப்பட்டிக்காரனிடம் தயிர் வாங்கிக் குடிப்பான். ராணிக்குப் பெயர் இல்லாவிட்டால் பெத்தாவே ஒரு பெயர் வைப்பார். கெட்ட ராணி என்றால் அது ஊரில் அவருக்கு ஆகாத யாரோ ஒருத்தியின் பெயராக இருக்கும். அப்புறம், "மறுகா?" என்பார். மறுகா என்றால் பிறகு. அடுத்த பந்திக்கு அதுதான் உத்தரவு.

பல வருடங்கள் கழித்து ஆசிரியர் பயிற்சியில், பெற்றோர் பிள்ளைக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று படித்தபோதுதான் எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது என்று உறைத்தது. என் வயதுக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தேன். எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். கடிதம், தந்தி, பத்திரிகை, பஞ்சாங்கம் எல்லாவற்றையும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் வாசித்திருக்கிறார்கள்.

அம்புலிமாமா எப்போது தொடங்கியது? இப்போது வருகிறதா?

1947 ஜூலையில் சென்னையில் தொடங்கியது. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் வந்தது. தொடங்கியவர்கள் நாகி ரெட்டியும் சக்ரபாணியும்; விஜயா நிறுவனத்தின் படங்களை எடுத்த அதே இருவர். பிறகு வேறு பல மொழிகளிலும் வந்தது. 2010களின் தொடக்கத்தில் நின்றுபோனது.

ஒரு கையில் வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமாதித்தன் சுடுகாட்டில் நடக்கிற படத்தை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதை வரைந்தவர் சங்கர் என்று கையெழுத்திட்ட கே. சி. சிவசங்கரன். 2020இல் காலமானார். வேதாளக் கதைகள் பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் மொத்தம் 25தான். அம்புலிமாமா அந்த முருங்கைமரத்தை விடவில்லை. பழைய சட்டத்துக்குள் புதுக்கதைகளை வைத்துப் பல பத்தாண்டுகள் ஓட்டியது. பெத்தாவுக்கு அது தெரியாது. "இந்த ராசாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று அடிக்கடி கேட்பார்.

எழுபதுகளில் வளர்ந்த நீங்கள் ஏன் அறுபதுகளின் இதழ்களை வாசித்தீர்கள்?

வேறு கிடைக்கவில்லை. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பாணுக்கு வரிசையில் நின்ற காலம். இந்திய சஞ்சிகைகள் வருவதும் சுருங்கிவிட்டது. அதனால் உள்ளூர்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்து, ஈழத்து நாவல்கள் நிறைய வந்தன என்பதும் உண்மைதான். ஆனால் நாவலை வைத்து எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கைக்குக் கிடைத்த பழைய இதழ்களையே நூல் பிரியும்வரை வாசித்தோம்.

இதனால் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களோடு பேசினால்தான் எங்கள் சிறுபராயம் ஒத்துப்போகும். 1977க்குப் பிறகு கதவு திறந்தது. முத்து காமிக்ஸ், அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்த கோகுலம், 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் எல்லாம் வந்தன. என் தம்பி இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்தான். எனக்கு அவனை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மாயாவியைச் சொல்கிறேன், தம்பியை அல்ல.

ரஷ்யப் புத்தகங்கள்?

மொஸ்கோவில் தமிழில் அச்சடித்து வந்தவை. விலை குறைவு, தாள் கனம், படங்கள் பெரிது. பனி என்ற ஒன்றை நான் முதலில் பார்த்தது அவற்றில்தான். பெத்தாவால் அந்தக் கதைகளை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. கணப்பின் மேல் ஏறிப் படுக்கும் கிழவன் என்று வாசித்ததும், "அடுப்புக்கு மேல ஏறிப் படுத்தா வேகமாட்டானா?" என்றார். அதோடு சரி. சோவியத் நாடு இதழின் வழவழப்பான தாள் மட்டும் எங்கள் கொப்பிகளுக்கெல்லாம் உறை ஆனது.

ஈழத்துச் சிறுவர் இலக்கியம் என்று ஒன்றும் படிக்கவில்லையா?

படித்தோம், பாட்டாக. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளியும் தெரியாத பிள்ளை அப்போது இல்லை. எங்கள் வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சியதே இல்லை, ஆனால் பாட்டு மனப்பாடம். வெருளி அப்படி அல்ல. வயல் காவலுக்கு வைக்கோல் திணித்துப் பழைய சட்டை போட்டு நிற்கிற ஆளை எங்களுக்கு நேரே தெரியும். அந்தப் பாட்டு எங்கள் வளவுக்குள்ளேயே பாடியது போல இருந்தது.

பாடப்புத்தகங்களையும் சொல்ல வேண்டும். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்த பிறகு, வேறு ஒரு புத்தகமும் இல்லாத வீடுகளிலும் கதை உள்ள ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தது. தை மாதம் புதுப்புத்தகம் கொடுத்த அன்றே அதிலுள்ள கதைகளை முடித்துவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வாசித்துக் காட்டுவது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்குச் சொல்வதுதான் வழக்கம் என்கிறார்களே?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

வைகாசியில் செட்டிபாளையத்துக்கோ காரைதீவுக்கோ போய்ப் பாருங்கள். கண்ணகி அம்மன் சடங்கில் கண்ணகி வழக்குரையை ஏட்டில் உள்ளபடி பாடிவருவார்கள். சடங்கின் முடிவில் வரும் குளிர்த்தி வரை ஊர் உட்கார்ந்து கேட்கும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். தீமிதிப்புக்கு முன்பே ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கும் அருச்சுனன் யார், வீமன் யார் என்று தெரிந்திருக்கும். விநாயகர் விரதத்தில் 21 நாளும் பிள்ளையார் கதை வாசிப்பு. நாங்கள் போனது மோதகத்துக்காக என்பதை மறைக்கவில்லை. ஆனால் 21 நாள் உட்கார்ந்தால் காதில் ஏதோ ஏறத்தானே செய்யும்! காத்தான்குடிச் சிநேகிதி ஒருத்தி தன் உம்மம்மா நூறு மசலா சொல்லக் கேட்டு வளர்ந்தவள். கேள்வியும் விடையுமாகப் போகிற அந்தப் பழைய நூலில் இருந்து இன்னும் எனக்கு நொடி போடுவாள்.

புராணம் படிக்கிற முறையைக் கவனியுங்கள். ஒருவர் செய்யுளை வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்வார், அதாவது அதைச் சனங்களுக்கு விளங்கும்படி விரித்துச் சொல்வார். பெத்தா என்னை வைத்துச் செய்தது இதைத்தான் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. கோயிலில் ஆண்கள் உட்கார்ந்து செய்ததைக் குப்பி விளக்கடியில் அவர் செய்தார். நான் வாசிப்பு, அவர் பயன்.

புத்தகத்தில் உள்ள தமிழில் வாசிப்பதா, நம் பேச்சில் சொல்வதா?

இரண்டும். முதலில் புத்தகத்தில் உள்ளபடி, ஒரு சொல்லும் மாற்றாமல். அப்புறம் நிறுத்தி, நம் பேச்சில் பயன். "சென்றான்" என்பதை "போனான்" என்று மாற்றி வாசித்தால் பிள்ளைக்குச் "சென்றான்" எங்கிருந்து வரும்? அதையே வாசித்து விளங்காமல் விட்டால் கதை எங்கிருந்து வரும்?

வீரமாமுனிவரின் பரமார்த்த குருவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று பார்க்க, சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். அது சீறிப் புகைகிறது. ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது என்று பயந்து ஓடிவருகிறான். இவ்வளவையும் புத்தகத் தமிழில் வாசித்தேன். பயன் சொல்லும்போது அந்த ஆற்றை நம் வாவி ஆக்கினேன். உடனே ஒரு பிள்ளை கேட்டது: "அப்ப வாவி எப்ப டீச்சர் நித்திரை கொள்ளும்?" இன்னொரு பிள்ளை: "பாடும்மீன் பாடக்குள்ள." மூன்றாவது பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை: "பக்கத்தில இருந்து பாடினா எப்பிடி நித்திரை வரும்?" பாடும்மீன் பாடுவதாகச் சொல்கிற கல்லடிப் பாலம் நடந்து போகிற தூரம்தான். அன்றைக்குக் குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கவே இல்லை.

கடந்த பிறகு ஒவ்வொருவனும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒரு ஆள் குறைகிறது என்று அழுகிற இடத்தை அடுத்த கிழமைக்கு வைத்தேன். அதை வாசித்த அன்று பிள்ளைகள் தங்களையே எண்ணிப் பார்த்தார்கள். ஒன்று குறைந்தது. மெய்யாகவே ஒருத்தன் மதிலேறிக் குதித்து மாங்காய் பொறுக்கப் போயிருந்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

மடியில் உட்கார முடிந்த நாளில் இருந்து. நிறுத்துவது எப்போது என்று ஒருவரும் கேட்பதில்லை. தானே வாசிக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுகிறீர்கள். அது பிழை. தானே சாப்பிடத் தெரிந்த பிள்ளையும் ஆசைக்கு ஒரு பிடி சோறு ஊட்டச் சொல்லும்தானே.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா?

உதவும் என்று சொன்னால் நாளைக்கே கதைப்புத்தகத்துக்கும் வினாத்தாள் அடித்துவிடுவீர்கள். ஆகவே சொல்லமாட்டேன்.

பழைய கதைகளில் மாற்றாந்தாய் கொடுமைக்காரி, கறுப்பாக இருந்தால் அரக்கி. அப்படியே வாசிப்பீர்களா?

சிலதை வாசிப்பதில்லை. பெண்களைப் பொதுவில் மட்டம் தட்டிவிட்டு அதை நீதி என்று முடிக்கிற கதைகள் நிறைய உண்டு. அவற்றைப் பாதுகாக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. மற்றவற்றை வாசித்து, உறுத்துகிற இடத்தில் நிறுத்துவேன். நிறுத்தினால் போதும், பிள்ளைகள் கேட்பார்கள்.

பெத்தாவின் வழி வேறு. அவர் தாயை இழந்து சின்னம்மாவிடம் வளர்ந்தவர். நான் புத்தகத்தில் எப்படி வாசித்தாலும், பயன் சொல்லும்போது மாற்றாந்தாய் நல்லவளாகிவிடுவாள். கெட்ட வேலைகளையெல்லாம் ஒரு மந்திரியின் தலையில் கட்டிவிடுவார். சில சமயம் கதையில் மந்திரியே இருக்கமாட்டான்.

பிணம், சுடுகாடு, வேதாளம். பிள்ளை பயப்படாதா?

பயப்படும். கிட்ட நெருங்கி உட்காரும். வேறென்ன வேண்டும்? ஆனால் சாவு நடந்த வீட்டுப் பிள்ளை வந்திருந்தால் அன்று வேதாளத்தை எடுக்கமாட்டேன்.

பேரப்பிள்ளைகள் கனடாவில். தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன செய்யலாம்?

வட்ஸ்அப்பில் முகம் பார்த்து வாசியுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு கிழமையும் அதே நேரம். வாசித்த பிறகு பயனைப் பிள்ளையைச் சொல்ல விடுங்கள். ஆங்கிலமோ பிரெஞ்சோ எந்தப் பாஷையிலும் சொல்லட்டும். திருத்தவேண்டாம். பெத்தா என் கதையை எந்தத் தமிழில் திருப்பிச் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இதில் கூச்சமே இல்லை.

பழைய புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம். காசு இல்லை. சிறுவர் நூல்களும் நிறைய உண்டு. புதிய படக்கதைகள் வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் இலவசமாக வாசிக்கலாம், அச்சிடவும் செய்யலாம். மட்டக்களப்புப் பொது நூலகத்துக்குப் பிள்ளையை ஒருதரமாவது கூட்டிக்கொண்டு போங்கள். தொலைபேசியில் பத்தாயிரம் புத்தகம் இருந்தாலும், தானே தேடி எடுத்த ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது வேறு.

வீட்டில் உள்ள பழைய இதழ்களை எப்படிக் காப்பாற்றுவது?

மாரி முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் தாள் முறியும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவேண்டாம், பத்து வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். இராமபாணப் பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கறையான் வந்தால் அந்த அலுமாரியையே சுவரில் இருந்து விலக்குங்கள்.

மற்றதற்கெல்லாம் மருந்து இல்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனது. மாமாவின் தகரப் பெட்டி திறந்துகிடந்தது. விடிந்ததும் பெத்தாதான், தன் சேலைகளை விட்டுவிட்டு, அந்தக் கட்டுகளை ஒவ்வொரு தாளாகப் பிரித்து வேலிக் கம்பியில் போட்டார். காய்ந்தபோது அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. வரிசை கலைந்துவிட்டது; அரைக்கதைகளும் கால்கதைகளும்தான் மிஞ்சின. பிறகு நான் கல்லடிக்கு வந்தபோது அவற்றையும் கொண்டுவந்தேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் அவற்றை எடுத்துக்கொண்டது.

முடிவு இல்லாத கதைகளை என்ன செய்தீர்கள்?

சூறாவளிக்குப் பிறகு மிஞ்சியவற்றில் அட்டையும் கடைசித் தாளும் இல்லாத ஒரு வேதாளக் கதைப் புத்தகம் இருந்தது. மந்தாரவதி என்ற பெண்ணை மூன்று பேர் விரும்புகிறார்கள். அவள் காய்ச்சலில் இறந்துபோகிறாள். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். ஒருவன் சுடுகாட்டில் குடிசை போட்டு அவளுடைய சாம்பலிலேயே படுத்துக் கிடக்கிறான். மூன்றாமவன் ஊர் ஊராகத் திரிந்து, செத்தவரை எழுப்புகிற மந்திரத்தோடு திரும்பி அவளை எழுப்புகிறான். இப்போது அவள் யாருக்கு மனைவி? வேதாளம் கேட்கிறது. அரசனின் பதில் இருந்த தாளைத்தான் காற்று கொண்டுபோயிருந்தது.

பெத்தா யோசிக்கவே இல்லை. "சாம்பலோட கிடந்தவனுக்கு" என்றார். ஏன் என்று கேட்டேன். "மத்த ரெண்டு பேரும் போயிட்டு வந்தவனுகள். இவன்தான் இருந்தவன்." அப்போது மாமா கப்பல் வேலைக்குப் போய் இரண்டு வருடம். காசு ஒழுங்காக வரும். கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன்.

அரசனின் பதிலைப் பல வருடம் கழித்து வேறொரு பதிப்பில் கண்டேன். அரசனும் அதே ஆளைத்தான் சொல்கிறான், காரணம்தான் வேறு. உயிர் கொடுத்தவன் தகப்பனுக்குச் சமம். எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகனுக்குச் சமம். சாம்பலைத் தழுவிக் கிடந்தவனே கணவன் என்கிறான்.

போன சனிக்கிழமை இந்தக் கதையை வாசித்து, இரண்டு காரணங்களையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். முன்னால் இருந்த பையன் கேட்டான்: "சாம்பலில கிடந்தவனுக்கு ஆரு டீச்சர் சோறு குடுத்த?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பிச்சை எடுத்துச் சாப்பிட்டான் என்று இருந்தது. வாசித்தேன்.

"அப்ப அவனும் போயிட்டுப் போயிட்டுத்தானே வந்திரிக்கான்?"